வருகிற படகு யாருக்கு

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதில்லை. எதிர்வீட்டு ஜொஹரா லாத்தா என் தலையில் கட்டியது. (அவர்கள் கீழக்கரைப் பேச்சில் அக்கா 'லாத்தா', அண்ணன் 'காக்கா'.) "ஊரு உலகத்துக் கதையெல்லாம் எழுதுறியே பிருந்தா, எங்க கதையை எழுதேன்" என்றார், அஜ்மான் வெயிலில் துணி காயப்போட்டபடி.

(முதல் வரி: 'மேகம் கவிந்த டச்சு ஆற்றங்கரையில், அந்தியில்...' அடச்சீ. ஹாலந்தை நான் விமான ஜன்னலில்கூடப் பார்த்ததில்லை.)

2

பார்த்ததெல்லாம் பர் துபாயில், லாத்தாவின் கணவர் முகம்மது சித்தீக் காக்காவின் பிரேம் கடையில். சுவரில் ஜோடியாக இரண்டு பழைய டச்சு ஓவியங்கள். (அசலா நகலா, காக்காவுக்கே தெரியாது.) ஒன்றில் மாடு ஏற்றிய படகு கரையைவிட்டுக் கிளம்புகிறது. மற்றதில் அதே படகு கரைக்கு வருகிறது. என் கல்யாணப் போட்டோவுக்கு அங்கேதான் பிரேம் போட்டேன். காக்கா டீ சொல்வார். லாத்தா, "அந்த மாடு எங்க ஊரு மாடுல்ல?" என்று வம்புக்கு இழுப்பார். அந்த நாளெல்லாம் எங்கே போச்சோ.

இப்போது கடை கலாஸ், மூடுகிறார்கள். காக்கா சொந்த ஊர் கீழக்கரைக்கே திரும்பிப் போகிறார். லாத்தா, மகள் சப்ரீனாவின் கைக்குழந்தைக்காக இங்கேயே. 'கூட வா' என்று காக்கா சொல்லவில்லை. 'போகாதீங்க' என்று லாத்தாவும் சொல்லவில்லை. ஆளுக்கொரு படம் என்று மட்டும் முடிவானது.

3

"முதல் படம் அவளுக்கு, அடுத்தது எனக்கு" என்றார் காக்கா. இடப்பக்கம் இருப்பது வருகிற படகு. ஆகவே எழுதினேன்: போகிறவர் போகிற படகை எடுத்துக்கொண்டு...

(அடித்துவிட்டேன். நான் தமிழ் வாசிப்பதுபோல் இடமிருந்து எண்ணியிருக்கிறேன். காக்கா குர்ஆன் ஓதிப் பழகியவர், அரபிபோல் வலமிருந்துதான் எண்ணுவார். அவர் கேட்டது வருகிற படகை!)

சப்ரீனா அவரைத் தடுத்துவிடுவதாக ஒரு முடிவு எழுதினேன். வெறும் சினிமா. லாத்தாவும் கூடவே போவதாக இன்னொன்று. சப்ரீனா சண்டைக்கு வருவாள். நல்லவேளை, அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆனால் குழந்தையை யார் பார்ப்பது? அதையும் அடித்தேன்.

4

நடந்தது இதுதான், கடையில், என் கண்முன்னே. காக்கா வருகிற படகை இறக்கி பபிள் ஷீட்டில் சுற்றினார். லாத்தா பாய்ந்து பிரேமைப் பிடித்தார்.

"மச்சான், அது எனக்கு. இங்க காத்துக் கெடக்கப்போறது நான்."

"அப்ப நான் அங்க என்ன புள்ள பண்ணப்போறேன்? நானும்தான் காத்துக் கெடப்பேன்."

இருவரும் விடவில்லை. போகிற படகு சுவரிலேயே தொங்கியது. அதை யாரும் கேட்கவில்லை.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன். அதனால் யார் முதலில் கையை எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டில் யார் எடுப்பார்கள்? அதையே இங்கே எழுதிக்கொள்ளுங்கள்.