அரையடித் திறப்பு

பாடை கட்டி முடித்த நேரத்தில், சுடுகாட்டுக்குப் போகும் தரைப்பாலம் இடுப்பளவு முங்கிவிட்டது என்று ஆள் வந்து சொன்னான்.

"கீழ தடுப்பணை ஷட்டரத் தூக்குனாத்தான் வடியும்" என்றார் சித்தப்பா ராக்கப்பன். "அந்தத் திருகு எங்கன கடிக்கும், எங்கன விடும்னு ஒனக்குத்தாம்மா தெரியும்."

வேல்விழி அப்பாவின் தலைமாட்டிலிருந்து எழவில்லை.

அந்த ஷட்டரைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்பா பெத்தணன் அதை அரையடிக்கு மேல் தூக்கவே மாட்டார். தண்ணீர் அடியில் ஓடிவிடும். மிதந்து வருகிற பாட்டில், பை, பட்டாசுப் பெட்டி சுற்றிய கண்ணாடித்தாள் எல்லாம் பலகையில் முட்டி நின்றுவிடும். துரட்டியால் இழுத்துக் கரையில் போடுவார். கீழே கண்மாயில்தான் ஊர் மாடுகள் தண்ணீர் குடிக்கின்றன. நேற்று அப்படி இழுக்கும்போதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அதற்குப் பிறகு பெய்த மழையில் வந்த குப்பை, அந்த அரையடியையும் அடைத்துக்கொண்டது.

"குப்பைய இழுத்துட்டுத் தூக்குவோம் சித்தப்பா. இல்லேன்னா அம்புட்டும் கண்மாய்க்குப் போயிரும்."

"மேக்க இன்னும் கருத்துக்கிட்டு நிக்கி, தாயி. எங்கண்ணன எம்புட்டு நேரம் போட்டு வைக்க?"

பட்டாசுக் கம்பெனியில் அவளோடு திரி சொருகும் மாரித்தாய் தோளைத் தொட்டாள். "ஒங்கப்பா இருந்தா ஊரையே ஏசிக்கிட்டுக் குப்பைய இழுக்க எறங்கிருப்பாக. வேற யாருடீ எறங்குவா?"

கட்டிலுக்கடியில் கிடந்த இரும்புக் கைப்பிடியை எடுத்துக்கொண்டு வேல்விழி போனாள்.

பதினெட்டுச் சுற்று. பலகை ஏற ஏறக் குப்பை கொஞ்சம் தயங்கியது. பிறகு மொத்தமாகக் கீழே போயிற்று. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். தெருமுனையில் கொட்டு நின்றது. பெண்கள் கடைசியாக முகம் பார்க்கிற நேரம். மறுபடி கொட்டு எழுந்தபோது, தூரத்துத் தரைப்பாலத்தில், கணுக்கால் தண்ணீரில், பாடை சின்னதாகக் கடந்துபோனது.

ஆண்கள் குளித்துத் திரும்பி இக்கரை ஏறும்வரை அங்கேயே இருந்தாள். பின்பு கைப்பிடியை மறுபக்கம் சுற்றி, அரையடியில் நிறுத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து ஒரு பன்னீர் பாட்டில் வந்தது. அப்பாவின் மேல் தெளித்துவிட்டு யாரோ எறிந்தது. பலகையில் முட்டி, ஒரு சுற்றுச் சுற்றி, நின்றது.

துரட்டி, நேற்று விழுந்த இடத்திலேயே கிடந்தது. குனிந்து எடுத்தாள்.