முந்நூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்கள்

"தலையைக் கொஞ்சம் தூக்குங்க" என்று சலூன்காரரின் குரல் சொன்னது. நாற்காலியில் கண்மூடிச் சாய்ந்திருந்த தபால்காரர் பழக்கதோஷத்தில் தூக்கிவிட்டார். கத்தி அப்போது அவர் தாடைக்குக் கீழே இருந்தது. நுரைக்குள் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று ஊறி வந்தது. பின்பக்கம் துண்டு மடித்துக்கொண்டிருந்த சலூன்காரரின் மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சலூன்காரரின் ஒரு கை தபால்காரர் கன்னத்தில், மறு கை கத்தியில். லேப்டாப்பை யாரும் தொடவில்லை.

பேசியது அவர் வாய் அல்ல. போன வருஷம் தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் வேண்டிய வாக்கியங்களைச் சொந்தக் குரலில் பதிந்துவைத்துக்கொண்டால், பிறகு லேப்டாப்பில் பட்டனைத் தட்டிப் பேசலாம் என்று டாக்டர் சொன்னார். வாய் ஓயாத மனிதர். மூன்று நாள் உட்கார்ந்து முந்நூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்களைப் பேசித் தள்ளினார். கிருதா வைக்கவா எடுக்கவா, இந்த வெயிலுக்கு ஒட்ட வெட்டிடலாம் என்று பாதிக்கு மேல் கடைச் சமாச்சாரம். பெண்டாட்டிக்கென்று பார்த்தால் "நீ சாப்பிட்டியா" ஒன்றுதான் தேறும். அதில் அவளுக்கு மனத்தாங்கல் உண்டு. ஆனாலும் தினமும் மத்தியானம் ஒரு மணிக்குச் சீப்பின் வாலால் அந்தப் பட்டனை அவர் தட்டும்போது மனத்தாங்கல் இருந்த இடம் தெரியாது. அந்த முந்நூற்றுப் பன்னிரண்டும் அவளுக்கு மனப்பாடம். காப்பி எடுத்து இன்னொரு இடத்திலும் வையுங்கள் என்று டாக்டர் சொன்னபோது, "இவரு பேச்சு ஒரு இடத்துல இருந்தாலே தாங்க முடியல" என்று சிரித்தவளும் அவள்தான்.

பத்து நாளைக்கு முன்னால் அவள் ஒரு காரியம் செய்திருந்தாள். முன்பெல்லாம் அவர் பாடிக்கொண்டே முடி வெட்டுவார். இப்போது கத்தரிச் சத்தத்தைத் தவிர கடையில் ஒன்றுமில்லை. அவருக்குப் பிடித்த பழைய பாட்டுகளைப் போட்டு அசத்திவிட வேண்டும் என்று தேடியபோது, இருநூறு பாட்டு மொத்தமாக இலவசம் என்று ஒரு தளம் கிடைத்தது. லேப்டாப்பில் காவலுக்கு இருந்த மென்பொருள் இறக்க விடவில்லை. ஏற்கெனவே அது அவர் பேசும்போதெல்லாம் குறுக்கே மணியடிக்கிற சனியன். ஒழியட்டும் என்று அதை அணைத்துவிட்டுத்தான் இறக்கினாள். திறந்து பார்த்தால் ஒரு பாட்டும் வரவில்லை. ஏமாந்ததை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது, விட்டுவிட்டாள். மென்பொருளை மறுபடி போட்டுவைக்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

தபால்காரர் பஞ்சை அழுத்திக்கொண்டு எழுந்தார். "கழுத்துக்கு வந்தது கீறலோட போச்சு. மிஷினைக் கொஞ்சம் பாருங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருவரும் லேப்டாப்பின் முன் நின்றார்கள். திரையில் இருந்த அம்பு தானாக நகர்ந்தது. "யாரு வந்திருக்கா?" என்றது அவர் குரல். கொஞ்சம் பொறுத்து, "கதவைச் சாத்து." மறுபடி பொறுத்து, "இங்கதான் வலிக்குது." ஒவ்வொன்றையும் கேட்டு முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிற மாதிரி இருந்தது. பிறகு, "நீ சாப்பிட்டியா?" அம்பு அங்கேயே நின்றது. மறுபடியும் "நீ சாப்பிட்டியா?" மூன்றாவது தடவையும் அதே. யாரோ ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து தன் புருஷன் குரலைக் காது கொடுத்துக் கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

அதன்பின் பட்டன்கள் ஒன்றொன்றாக வெளுக்கத் தொடங்கின. வெளுத்ததைத் தட்டினால் பேசவில்லை. அவர் மிச்சமிருந்தவற்றை அவசர அவசரமாகத் தட்டினார். கிருதா, வெயில், தண்ணி, சில்லறை என்று பாதிப் பாதியாகத் தன் குரலைக் கேட்டார். அவள் ஒயரைப் பிடுங்கினாள். பேட்டரியில் அது பாட்டுக்கு ஓடியது. மூடியைச் சாத்துவதற்குள் திரை முழுக்க வெள்ளையாகிவிட்டது.

கம்ப்யூட்டர் கடைப் பெண் அரைமணி நேரம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "பாட்டுன்னு பேரு போட்டு வேற ஒண்ணை உள்ள அனுப்பியிருக்காங்கக்கா. இருந்ததை எல்லாம் எடுத்துட்டு, இங்க பூட்டு போட்டுட்டாங்க. வேற காப்பி இருக்கா?"

காப்பி வேண்டாம் என்று அன்று சிரித்தவள் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இன்னொண்ணுக்கா. இப்ப குரல் அவங்க கையில இருக்கு, அதை வச்சுப் புதுசா எதை வேணும்னாலும் பேச வைக்கலாம். அந்தக் குரல்ல யாராவது போன் பண்ணி எதையாவது கேட்டா, பேச்சே வச்சுக்காதீங்க. உடனே வச்சிடுங்க."

அன்று சாயங்காலமே அவரிடம் சொல்லிவிட்டாள். "நான்தாங்க. உங்களுக்குப் பாட்டு போடலாம்னு." சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அவர் திட்டியிருந்தால் ஆறியிருக்கும். திட்டுவதற்கும் அவரிடம் வார்த்தை இல்லை. அவள் தோளில் விழுந்திருந்த முடித்துணுக்குகளைத் தூரிகையால் தட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அடுத்த வாரம் மத்தியானம் கடையில் கூட்டம். நாற்காலியில் தபால்காரர், கழுத்துக் கீறல் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. கடிகாரம் ஒரு மணியைத் தொட்டதும் சலூன்காரரின் கை சீப்பைத் திருப்பிப் பிடித்து, லேப்டாப் இருந்த பலகைவரை போய், வெறுமனே திரும்பியது. அப்போதுதான் அவள் போன் அடித்தது. தெரியாத எண்.

"நீ சாப்பிட்டியா?"

அதே குரல், கடைசி எழுத்தில் அதே இழுப்பு. வைத்துவிட வேண்டும் என்று தெரியும். கட்டைவிரல் சிவப்புப் பட்டனுக்கு மேலேயே நின்றது.

"போனை வச்சிடாத" என்றது குரல்.

முந்நூற்றுப் பன்னிரண்டில் இது கிடையாது. இதை அவர் ஒருநாளும் பதியவில்லை. அவள் கண்ணாடியைப் பார்த்தாள். அவள் புருஷன் தபால்காரரின் கழுத்தில் நுரை தடவிக்கொண்டிருந்தார், உதடு இறுக மூடியிருந்தது. நிமிர்ந்து கண்ணாடி வழியாகவே யார் என்று புருவத்தால் கேட்டார்.

அவள் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள்.

"இன்னும் சாப்பிடலைங்க" என்றாள்.