வெட்டாத பக்கம்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கை சும்மா இருக்காத ஒருத்தியின் கதை இது. கொஞ்சம் மனசைப் பிசையும்.

அவளை எல்லோரும் ஸ்டுடியோக்காரி என்றே கூப்பிடுவார்கள். பதினெட்டு வருடமாகப் போட்டோ ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவள். பருவை அழிப்பாள், மூடிய கண்ணைத் திறப்பாள், ஓரத்தில் தெரியும் குப்பைத்தொட்டியை வெட்டி எறிவாள்.

அவள் தம்பி இரும்புக் கதவுகளுக்குப் பெயின்ட் தெளிக்கும் கம்பெனியில் வேலை பார்த்தான். இரண்டே வருடத்தில் நெஞ்சு கெட்டுப்போய், நாலு படி ஏறினாலே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். "நாங்க முகமூடி கொடுத்தோம், அவன்தான் போடல" என்று கம்பெனி கையை விரித்துவிட்டது. ஆனால் 'எங்கள் பெயின்ட் கூடத்தில் முகமூடியே தேவையில்லை' என்று அவர்களுடைய இணையதளத்தில் பெருமையாகப் போட்டிருந்ததை அக்கா படம் பிடித்து வைத்திருந்தாள். வக்கீல் நோட்டீஸ் போன மறுநாளே அந்தப் பக்கம் மாயமாகிவிட்டது.

வக்கீலம்மா படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பக்கத்தோட முகவரி எங்கேம்மா? தேதி எங்கே?"

"மேல கசகசன்னு இருந்துச்சு மேடம், வெட்டிட்டேன். எழுத்து மங்கலா இருந்துச்சு, கொஞ்சம் கறுப்பு ஏத்தினேன்."

"வெட்டாதது?"

"அதுமேலயே சேவ் பண்ணிட்டேன்."

"நல்லாச் சிங்காரிச்சு வச்சிருக்கீங்க! நீங்களே தயாரிச்சதுன்னு அவங்க வக்கீல் சொல்வாரே. அதுவும் நீங்க பாக்குற வேலைக்கு!"



வீட்டில் தம்பி தலையணையில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டான். "இவ்வளவுதானே அக்கா? முகவரியையும் தேதியையும் மறுபடி வச்சிடு. செத்துப்போன மாமாவையே... கல்யாண போட்டோல சிரிக்க வச்சவதானே நீ."

சிரிக்கப் போய் இருமினான். அந்த இருமல் நிற்கும்வரை அவள் அவன் முதுகைத் தடவினாள். பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து, கால்மணி நேரத்தில் முகவரியை வைத்தாள், தேதியை வைத்தாள். அப்பழுக்கில்லாமல் இருந்தது. இவ்வளவு சுலபமா? அப்படியானால் நாளைக்கு உண்மையைக் காட்டினாலும் யார் நம்புவார்கள்?

அழித்துவிட்டாள்.

"உன் நேர்மையை நீயே வச்சுக்கோ. நெஞ்சு என்னுதுதானே போகுது" என்று தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

வெகுநேரம் கழித்துச் சுவரைப் பார்த்தபடியே கேட்டான். "ஆள் எடுக்கிற பக்கத்தைப் பார்த்தியா? நான் சேர்ந்ததே... அந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான். அதையும் தூக்கியிருப்பான்."

தூக்கவில்லை! மறந்திருக்கிறார்கள். 'அனுபவம் வேண்டாம், முகமூடித் தொல்லை இல்லை' என்று அப்படியே இருந்தது. அவள் விரலைக்கூட வைக்காமல் வக்கீலம்மாவுக்குப் போன் போட்டாள்.

வக்கீலம்மா அலுவலகத்தில் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் குமாஸ்தா அந்தப் பக்கத்தைத் தலைமுதல் கால்வரை சேமித்தார். முகவரி, தேதி, நேரம் எல்லாம் அதிலேயே இருந்தன. கோப்புக்குக் கைரேகைபோல ஒரு நீண்ட எண் வந்தது. ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடுமாம். அதையும் குறித்துக்கொண்டு எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். பக்கத்தின் ஓரத்தில் கோணலாக வேறொரு விளம்பரம் பல்லிளித்தது. அவளுக்குக் கை துறுதுறுத்தது.

"ஓரத்துல மட்டும் லேசா..."

"கையை மடியில வைங்கம்மா!" என்றார் குமாஸ்தா.

மறுநாள் மதியம் அந்தப் பக்கமும் காணோம். பழைய படத்தை வெட்டியது தான்தான் என்று அவள் தன் கைப்பட எழுதிக் கொடுத்தாள். வழக்கு இன்னும் விசாரணைக்கு வரவில்லை.

"ஜெயிச்சிடுவோமா அக்கா?"

"தெரியலடா. ஆனா இதைப் பொய்னு ஒருத்தனும் சொல்ல முடியாது."

தம்பி தலையாட்டினான். அன்றைக்கும் படிக்கட்டில் இரண்டு இடத்தில் நின்றுதான் ஏறினான்.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் வேலைக்குப் போகிறவர்கள் போன மாதிரியே திரும்பி வரட்டும். குஞ்சு குளுவானோடு எல்லோரும் நெஞ்சு நிறைய மூச்சு விட்டு நன்றாயிருங்கள்.