மேட்னிக்கு இறங்கி வந்த மாமியார்

சினிமாவுக்குப் போகாதே என்று மலையில் ஒளிந்திருக்கும் புரட்சிக்காரர்கள் ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். கடைக்குப் போகாதே, டான்ஸுக்குப் போகாதே, சினிமாவுக்கும் போகாதே. ஊர்ப் பிள்ளைகள் செத்துக்கொண்டிருக்கும்போது உனக்கென்ன கொண்டாட்டம் என்பது அவர்கள் கேள்வி. சாந்தியாகோ நகரம் அந்த டிசம்பரில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. தியேட்டரின் காலி நாற்காலிகளைப் பார்த்த பட்டாளத்து லெப்டினன்டுக்கு மானம் போயிற்று. தியேட்டரில் வேலை பார்ப்பவர்களின் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு வந்தாக வேண்டும், வராத வீட்டை நாங்கள் வந்து பார்ப்போம் என்று உத்தரவு போட்டான். அவன் ஆட்கள் வந்து பார்த்த வீட்டுப் பிள்ளைகள் விடிந்ததும் ரோட்டோரம் கிடப்பார்கள்.

அங்கே படம் ஓட்டும் ஆபரேட்டராக இருந்தவர் ஃபெர்மின். அவர் மனைவி எர்மினியாவுக்கு இரண்டு பக்கமும் பயம். போனால் மலைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், போகாவிட்டால் பட்டாளம் வரும். மலைக்காரர்கள் தூரத்தில் இருந்தார்கள், பட்டாளத்தின் ஜீப் வாசலில் நின்றது. அவள் கோவிலுக்குப் போடும் நீல உடுப்பை மாட்டிக்கொண்டாள்.

அவள் படியிறங்கும் நேரத்தில் மகள் சோய்லா வந்து சேர்ந்தாள். முந்தின நாளிலிருந்து சித்தி வீட்டில் இருந்தவள். பத்தொன்பது வயது, டீச்சர் படிப்பு, நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுகிற பெண்.

"எங்கம்மா கிளம்பிட்டே?"

"சினிமாவுக்கு. மகாராணி மாதிரி கூட்டிட்டுப் போக ஜீப் வந்திருக்கு பாரு."

சோய்லாவின் முகம் வெளுத்துப்போயிற்று. எதையோ சொல்ல வாயெடுத்தாள். வாசற்படியில் சார்ஜன்ட் பலேரோ சாய்ந்து நின்று பல் குத்திக்கொண்டிருந்தான். மீசை சரியாக முளைக்காத பையன். துப்பாக்கிதான் அவனைப் பெரிய மனுஷனாக்கியிருந்தது.

"நானும் வரேன்" என்றாள் சோய்லா.

"ஜீப்புல ஒரு ஆளுக்குத்தான் எடம். நீ அடுத்த வாரம் வா" என்றான் அவன்.

சோய்லா அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் ஜில்லென்றிருந்தன. "எடது பக்கம் உக்காராதேம்மா. கதவுகிட்ட உக்காரு. காத்து வரும்."

"டிசம்பர்ல எதுக்குடி காத்து" என்று சொல்லிவிட்டு எர்மினியா ஜீப்பில் ஏறினாள்.

அரங்கில் மொத்தமாக முப்பது பேர் கூட இல்லை. டிக்கெட் கொடுப்பவளின் பிள்ளைகள், கூட்டுகிறவரின் மனைவி, முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த மேனேஜரின் மாமனார். எல்லாரும் தூக்குமேடையைப் பார்ப்பதுபோலத் திரையைப் பார்த்தார்கள். மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பப் படம். தாய் அழுதுகொண்டே இருந்தாள், பிள்ளைகள் ஒவ்வொருவராக வீட்டைவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். எர்மினியா கதவோரம்தான் உட்கார்ந்தாள். மகள் சொன்னாளே என்று.

மகள் ஏன் சொன்னாள்?

பாதிப் படத்தில்தான் அந்தக் கேள்வி வந்தது. நேற்று மத்தியானம் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகிறேன் என்று சோய்லா தானாகக் கிளம்பினாள். பிறந்ததிலிருந்து ஒரு நாளும் தூக்குவாளியைத் தொடாதவள். தோளில் பை ஒன்று மாட்டியிருந்தாள். வரும்போது சித்தி வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்றாள். காலி அரங்கு, யாரும் வரமாட்டார்கள், குண்டை வைத்துவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்திருப்பாள். லெப்டினன்டின் உத்தரவு அவளுக்குத் தெரியாது.

எர்மினியா இடது பக்கம் பார்த்தாள். மாடிக்குப் போகும் படிக்கட்டு. அதன் மேலே, சுவரில் சின்னச் சதுர ஓட்டை. அதன் வழியாக வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் ஃபெர்மின்.

கத்தினால் எல்லாரும் ஓடுவார்கள். அப்புறம் பலேரோ கேட்பான்: உனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு, அதற்குப் பேர் சோய்லா. கத்தாவிட்டால் இந்தக் குழந்தைகள், ஃபெர்மின், அவள்.  ஜெபம் பண்ணலாம் என்று பார்த்தால் ஒரு வரி கூட நினைவுக்கு வரவில்லை.

நினைவுக்கு வந்தது மாமியார்தான். பெத்ரா கிழவி உயிரோடிருந்தபோது வெள்ளிக்கிழமை தவறாமல் செத்தவர்களை உடம்பில் இறக்கிக்கொள்வாள். அக்கம்பக்கம் முழுக்க வந்து காலடியில் உட்காரும். எர்மினியா பாதிரியார் கையால் ஞானஸ்நானம் வாங்கியவள். அடுப்படியில் நின்று முகத்தைச் சுளிப்பாள். சுளித்தாளே தவிர, ஒன்று விடாமல் பார்த்திருந்தாள்.

செருப்பை உதறினாள். கொண்டையை அவிழ்த்துவிட்டாள். தொண்டைக்கு அடியிலிருந்து ஒரு குரலை எடுத்தாள்.

"சுருட்டு குடுங்கடா. எனக்குச் சுருட்டு குடுங்க."

கூட்டுகிறவரின் மனைவிக்கு உடனே புரிந்துவிட்டது. "யாரோ இறங்கிட்டாங்க. தொடாதீங்க, தொடாதீங்க."

"இங்க மூச்சு முட்டுது. வெளிய வாங்க, எல்லாப் பிள்ளைங்களும் என் பின்னால வாங்க. வராதவன் வீட்டுல அழுகைச் சத்தம் கேக்கும்."

செத்தவர்கள் கூப்பிட்டால் போகாமலிருக்க அந்த ஊரில் யாருக்கும் தைரியம் கிடையாது. டிக்கெட் கொடுப்பவள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினாள். மேனேஜரின் மாமனார் முணுமுணுத்தபடி எழுந்தார். கதவிலிருந்த இரண்டு சிப்பாய்கள் சிலுவை போட்டுக்கொண்டு வழிவிட்டார்கள். எர்மினியா அந்த ஓட்டையைப் பார்த்துக் கத்தினாள்.

"மின்சோ. அடேய் மின்சோ. இறங்கி வா, அம்மா வந்திருக்கேன்."

பெத்ரா ஒருத்தி மட்டும் கூப்பிட்ட பேர் அது. ஃபெர்மின் ரீலை ஓடவிட்டுவிட்டு, சின்னப் பிள்ளையைப் போல விழுந்தடித்து இறங்கி வந்தார்.

தெருவில் அவள் ஆடிக்கொண்டே இருந்தாள். யாரோ அவள் கால்களில் தண்ணீர் ஊற்றினார்கள். வெடிக்காமல் போனால் பலேரோ மறுபடி உள்ளே அனுப்புவானே என்று அவள் நடுங்கினாள், வெடித்தால் என்ன ஆகும் என்றும் நடுங்கினாள்.

வெடித்தது. மாடிச் சுவர் பிளந்து, ஃபெர்மின் உட்காரும் ஸ்டூல் தெருவுக்கு வந்து விழுந்தது.

புகை அடங்குவதற்குள் பலேரோ அவள் கையைப் பிடித்தான். "ஒனக்கு எப்படித் தெரியும்?" அவள் பதில் சொல்லுமுன் குரலைத் தாழ்த்தினான். "ஒம் பொண்ணு சொன்னா. கதவுகிட்ட உக்காருன்னு. எங்காதால கேட்டேன்."

எர்மினியாவுக்கு உலகம் நின்றுவிட்டது. ஆனால் பெத்ராவுக்கு நிற்கவில்லை.

"அவ எங்கடா சொன்னா? அவ வாயில இருந்து நாஞ்சொன்னேன். பேத்தி வாயில பேசறதுக்கு ஒங்கிட்டப் பெர்மிஷன் வாங்கணுமா?"

அவன் கை தளர்ந்தது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவள் காதருகே குனிந்தான். "ஆத்தா, எங்கம்மா பயாமோ ஊருல இருக்கா. நான் உசுரோட அவளைப் பாப்பேனா?"

அவன் கண்ணில் இருந்தது அவளுடைய பயமேதான். அதைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வந்தது, அந்த இரக்கத்தின் மேல் கோபமும் வந்தது.

"இந்தப் பட்டாளத்துச் சட்டையோட போனா பாக்க மாட்டே."

அவன் நிமிர்ந்தான். "வீட்டுக்குப் போங்க" என்றான் எல்லாரையும் பார்த்து.

வீட்டில் ஃபெர்மின் அழுதுகொண்டே சிரித்தார். செத்து இருபது வருஷமாக ஒரு தடவை கூட வராத அம்மா, உயிரைக் காப்பாற்ற வந்துவிட்டாள். முன்னறையில் அம்மாவின் படத்துக்குப் பூ வைக்கப் போனார். எர்மினியா மகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். 

"கதவுகிட்ட உக்காருன்னு சொன்னேனேம்மா. அவன் நிக்கிறப்ப வேற என்ன சொல்ல முடியும்?" சோய்லா தேம்பினாள்.

"அப்பா எங்க உக்காருவாருன்னு ஒனக்குத் தெரியாதா?"

"வெறும் சத்தந்தான் வரும்னு மலைக்காரங்க சொன்னாங்க. மேல எட்டாதுன்னு சத்தியம் பண்ணாங்க."

"ஸ்டூலு தெருவுல கெடக்குடி."

சோய்லா அழுகையை நிறுத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். இனிமேல் செய்யமாட்டேன் என்று அவள் சொல்வாள் என்று எர்மினியா காத்திருந்தாள். அவள் சொல்லவில்லை.

முன்னறையிலிருந்து ஃபெர்மின் குரல் கொடுத்தார். "எர்மினியா, அம்மா மறுபடி எப்ப வருவாங்கன்னு ஏதாவது சொன்னாங்களா?"

எர்மினியா மகளின் முகத்தைக் கையால் நிமிர்த்தினாள்.

"சொல்லுடி" என்றாள், வெளியே கேட்காத குரலில். "மறுபடி எப்ப வரணும்?"