பம்புக்கும் குழாய்க்கும் நடுவே கோமதிநாயகம்

பழைய ரப்பர் இணைப்பு ஓய்வு பெற்றுப் போன நாளிலிருந்து, அம்பத்தூர் தொழிற்சாலையில் பம்புக்கும் குழாய்க்கும் நடுவே மேற்பார்வையாளர் கோமதிநாயகம்தான் நின்றுகொண்டிருந்தார். யாராவது நிற்க வேண்டுமே! நூற்றைந்து டிகிரியில் கிளைக்கால் என்ற ரசாயனம் கலந்த தண்ணீர் ஓடுகிற குழாய். சூடானால் நீளும், ஆறினால் சுருங்கும். நடுவில் விட்டுக்கொடுக்க ஆளில்லை என்றால் பம்பின் கழுத்து முறிந்துவிடும். ஒன்பது நாளில் மனிதர் காலையில் பன்னிரண்டு மில்லிமீட்டர் குறுகவும் மாலையில் பழையபடி நீளவும் நன்றாகவே பழகியிருந்தார்.

கவலை ஒன்றுதான். வெள்ளிக்கிழமை மகளுக்குக் கல்யாணம். தாரை வார்த்துக் கொடுக்க அப்பா வேண்டாமா? அதற்குள் தகுந்த ரப்பரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

புதன்கிழமை மூன்று ரப்பர்கள் நேர்முகத்துக்கு வந்தன. நின்ற இடத்திலிருந்தே கேள்வி கேட்டார்.

"நமக்கு மார்த்தாண்டம் பக்கம். நிழல்லயே வளர்ந்துட்டேன்," என்றது இயற்கை ரப்பர். நூற்றைந்து டிகிரி என்றதும் வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டது. பாவம், நல்ல மனசு.

நைட்ரைல் ரப்பர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தது. "எந்த எண்ணெய்னாலும் கொண்டாங்க சார், ஒரு கை பார்த்துடறேன்."

"இங்கே எண்ணெயே இல்லையேப்பா. கொதிக்கிற தண்ணிதான், வருஷக்கணக்கா."

"அப்ப சீக்கிரமே விறைச்சுப் போயிடுவேனே சார்," என்று ஒத்துக்கொண்டது. அந்த நேர்மை கோமதிநாயகத்துக்குப் பிடித்திருந்தது.

மூன்றாவதாக வந்த ஈபிடிஎம் ரப்பர் அதிகம் பேசவில்லை. "நூத்தஞ்சா? சரி. கிளைக்காலா? சரி. எண்ணெய் மட்டும் கிட்ட வரக்கூடாது, உடம்பு வீங்கிடும்."

கோமதிநாயகத்துக்கு அழுகையே வந்துவிட்டது. வியாழக்கிழமை மதியம் அதை நடுவில் நிறுத்தி, போல்ட்டுகளை முடுக்கிவிட்டு விலகிக்கொண்டார். குழாய் நீண்டது. பம்பு முனகக்கூட இல்லை.

வாசலில் மனைவி சண்முகவடிவு காத்திருந்தாள். ஸ்டோர்ஸ் எத்திராஜ்தான் குறுக்கே வந்தார்.

"சாரை உதிரி பாகக் கணக்குல ஏத்தியாச்சும்மா. அவசரத்துக்கு வேற ஸ்பேர் இல்ல."

"விடிஞ்சா பொண்ணுக்குக் கல்யாணம்ங்க!"

"அப்ப ரிட்டர்னபிள் கேட்பாஸ் போட்டுத் தரேன். திங்கட்கிழமை திருப்பிக் கொண்டாந்துடணும். வெயில் படாம வையுங்க."

சண்முகவடிவு கணவரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, தோளையும் இடுப்பையும் அழுத்திப் பார்த்தாள். கேட்பாஸில் 'விரிசல் இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தாள்.

"திங்கட்கிழமை மறுவீடு இருக்குங்க. புதன்னு போட்டுக்குங்க, நானே கொண்டாந்து ஒப்படைச்சுடறேன்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.