இரண்டு டாக்டர் மாத்திரை

எதிர்மாடியில் புது டாக்டர் போர்டு மாட்டிய நாளிலிருந்து என் கண் ஜன்னலை விட்டு நகரவில்லை. பொறாமைதான், மறைத்து என்ன ஆகப்போகிறது? நானும் இதே தெருவில் இருபத்திரண்டு வருடமாக டாக்டர். அவனோ வாசல்வரை வந்து நோயாளிகளை வழியனுப்புகிறான். வைத்தியம் பார்க்கிறானா, துணிக்கடை நடத்துகிறானா?

நேற்று அந்தப் படியில் இறங்கியவர் எங்கள் தையல்காரர். அவர் வீட்டில் நாலு பேருக்கும் நான்தான் டாக்டர். மகளுக்கு முதல் ஊசி போட்டதே நான்.

இன்று காலை அவரே மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு என் அறைக்குள் வந்தார். தலைசுற்றல். பிரஷர் தொண்ணூறுக்கும் கீழே கிடந்தது. படுக்கவைத்து, காலைத் தூக்கித் தலையணைமேல் வைத்தேன்.

"என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

மனைவிதான் பையைக் கவிழ்த்தார். பிரஷருக்கு என் மாத்திரை ஓர் அட்டை, எதிர்மாடிக்காரன் மாத்திரை ஓர் அட்டை, கூடவே நாங்கள் இருவரும் எழுதிய மருந்துச் சீட்டுகள்.

"ரெண்டையுமா முழுங்குனீங்க?"

"அவரு உங்களுத நிறுத்தத்தான் சொன்னாரு," என்றார் மனைவி. "இவருதான் கேக்கல. டாக்டரம்மா குடுத்தத எப்படி நிறுத்துறதுன்னு ஒரே பிடிவாதம்."

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. மனிதர் துவண்டு கிடக்கிறார், எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

"அப்போ அங்க எதுக்குப் போனீங்க?"

"காலு வீங்குது டாக்டரம்மா. மிஷின் மிதிக்க முடியல. ரெண்டு வருஷமாவே."

பாதத்தை அழுத்திப் பார்த்தேன். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. என் மாத்திரை செய்த வேலை. ஒவ்வொரு மாதமும் கையைப் பிடித்து பிரஷர் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் குனிந்து காலைப் பார்த்ததில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீங்க பாத்துப் பாத்துக் குடுத்தது. அதப்போயி குறை சொல்லுவாங்களா? அவரு அந்நியரு. கூச்சமில்லாம சொல்லிட்டேன்."

பேனாவை எடுத்தேன். அவன் சீட்டில் எழுதியதை அடிக்கத்தான் கை துடித்தது. என்னுடையதை அடித்தேன்.

"இன்னிக்கு எந்த மாத்திரையும் வேண்டாம். நாளைக்கு பிரஷர் பாத்துட்டு, அப்புறம் அவர் குடுத்தது மட்டும் போதும்."

அவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

"நாளைக்கு அங்க போவணுமா டாக்டரம்மா, இங்க வரணுமா?"

இருபத்திரண்டு வருடத்தில் எங்கே போவதென்று அவர் என்னிடம் கேட்டதே இல்லை.