ஜெரினா கூப்ட்டா

நவ்ரீன் மறுபடியும் டிலீட்டை அழுத்தினாள். கம்ப்யூட்டர் மறுபடியும் முடியாது என்றது. இந்த ஃபோல்டரோ, இதற்குள் இருக்கும் ஒரு ஃபைலோ வேறு எங்கேயோ திறந்திருக்கிறது, முதலில் அதை மூடிவிட்டு வா என்று ஒரு பெட்டியைத் திரையின் நடுவில் கொண்டுவந்து வைத்தது.

"எங்க தொறந்து கீது? எல்லாத்தையும்தான் மூடித் தொலைச்சிட்டேனே" என்று நவ்ரீன் அதனிடமே கேட்டாள்.

கீழே ஹாலில் பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். அத்தாவைத் தூக்கிக்கொண்டு போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ராயபுரத்தின் அந்தச் சந்தில் இரண்டு பேர் தோளோடு தோள் நடந்தாலே இடிக்கும். சந்தூக்குப் பெட்டியை முன்னால் பிடித்திருந்த அண்ணன் ஜீஷானின் முழங்கை எதிர்வீட்டுச் சுவரில் தேய்ந்து தோல் உரிந்ததை நவ்ரீன் பார்த்தாள். அவன் கையை எடுக்கவில்லை. அசர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் ஜனாஸா தொழுகை, அங்கிருந்து அடக்கத்துக்குக் கபர்ஸ்தான். அத்தா மேல் மண் விழுவதற்குள் இந்த ஃபோல்டர் போயிருக்க வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை.

ஃபோல்டரின் பெயர் 'பாட்டு'. அதற்குள் இருந்ததெல்லாம் அத்தா ஹுமாயூன் பாடியவை.

சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில், லாரிகளை நிறுத்தி எடை போடும் மேடையில் வேலை அவருக்கு. வண்டி நம்பரையும் எடையையும் தட்டிச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பார். அங்கே கழித்துப்போட்ட கம்ப்யூட்டரைத்தான் வாங்கிவந்து மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு மைக், ஒரு ஹெட்போன். குரல் இல்லாத வெறும் இசையை நெட்டில் இறக்கி, அதன்மேல் பழைய சினிமாப் பாட்டைப் பாடிப் பதிவு செய்வார். குரல் ஒன்றும் பிரமாதமில்லை. மேலே ஏறும்போது தகரம் தட்டும். ஆனால் கீழே இறங்கும்போது அதில் ஒரு குழைவு வரும், அதற்காகவே நவ்ரீன் துணி காயப்போடும் சாக்கில் மாடிக்கு வந்து நிற்பாள்.

ஃபைல்களுக்குப் பாட்டின் பெயரை அவர் வைப்பதில்லை. எதில் சொதப்பினாரோ அதுதான் பெயர். 'இருமல்', 'லாரி ஹாரன்', 'கரண்ட் போச்சு', 'சரணம் கோவிந்தா' என்று வரிசையாக இருந்தன. மனிதர் தன்னைத் தானே கிண்டல் செய்துகொண்டு பாடியவர்.

அம்மா ஜெரினாவுக்கு இது ஆகவே ஆகாது. அதுவும் பக்கத்துத் தெருவில் பெண்களுக்கு நடந்த மார்க்கப் பயானுக்குப் போய்வந்த பிறகு பிடிவாதம் கூடிவிட்டது. மௌத்தான மனிதர் விட்டுப்போன பாட்டை யார் கேட்டாலும் அந்தப் பாவம் கபருக்குள் அவரைத் தேடிப் போகும் என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு அவள் தூங்கவே இல்லை. அத்தா சிரித்தார்.

"எனக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவுல நீ இன்னாத்துக்கு போஸ்ட்மேன் வேல பாக்கற?"

"சிரிங்க, சிரிங்க. நாளிக்கு அங்க தனியா மாட்டிக்கினு முழிக்கறப்போ தெரியும்."

யார் முந்துவார் என்ற பேச்சே அந்தச் சண்டையில் வந்ததில்லை. இன்று காலை பஜ்ர் தொழுகைக்கு எழுந்தவர் தோள்பட்டை வலிக்கிறது என்று சொல்லிக் கட்டிலில் உட்கார்ந்தார். ஜீஷான் ஓடிப்போய் ஆட்டோவைச் சந்து முனைக்குக் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது.

அத்தாவின் முகத்தை மூடுவதற்கு முன்னால் அம்மா நவ்ரீனின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"அவர் மொகத்தப் பாத்து சொல்லு. ஒண்ணு பாக்கி இல்லாம அழிச்சிடறேன்னு சொல்லு. வேற எதுலயும் ஏத்தி வெச்சிக்க மாட்டேன்னு சொல்லு."

நவ்ரீன் சொன்னாள். அந்த நேரத்தில் அம்மா என்ன கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள்.

சொன்னதைச் செய்ய வந்து உட்கார்ந்தபோதுதான் எண்ணிப் பார்த்தாள். போட்டோ நாலு இருக்கிறது, சட்டை இருக்கிறது. குரல்? அது இந்த ஓட்டைக் கம்ப்யூட்டரைத் தவிர உலகத்தில் எங்கேயும் இல்லை. முடியாது என்று பெட்டி வரும்போதெல்லாம் நெஞ்சின் ஒரு மூலையில் அப்பாடா என்றிருந்தது. அடுத்த நிமிடமே பயம் பிடித்துக்கொண்டது. அம்மா சொல்வது நிஜமாக இருந்துவிட்டால்? என் ஆசைக்காக அத்தா அங்கே தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமா? நான் என்ன பிள்ளை?

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஆபீஸில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரோடு மாரடிக்கிறவள் அவள். திறந்திருந்த எல்லாவற்றையும் மூடினாள். ஃபோல்டரின் பெயரை மாற்றிப் பார்த்தாள், அதற்கும் முடியாது என்றது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். அது கிழவன் படியேறுவது மாதிரி முக்கி முனகி எழுந்துவந்தது. டிலீட். முடியாது.

அம்மாவின் தங்கை தஹ்சீன் சாச்சி மூச்சிரைக்க மாடியேறி வந்தாள்.

"இன்னாடி, முடிஞ்சிச்சா? உங்கம்மா கேக்குது."

"அழிய மாட்டுது சாச்சி."

"பத்து பாத்திரமா அது, தேச்சிக்கினே இருக்கறதுக்கு? ஒரு பட்டன அமுக்கறதுக்கு இம்மா நேரமா?"

"அம்மா இன்னா பண்றாங்க?"

"உள்ரூம்ல தனியா படுத்துக்கினு கீது. யாரும் வராதீங்கன்னுடுச்சு. ஒரு வா தண்ணி குடிக்கல." சாச்சி கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அதன் மேல் தொங்கிய ஹெட்போனைப் பார்த்தாள். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

நவ்ரீன் லியோனார்ட் அங்கிளுக்குப் போன் போட்டாள். ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டையரானவர். இரண்டு தெரு தள்ளி, சர்ச் பக்கத்தில் வீடு. அத்தாவுக்கு மைக் வாங்கிக் கொடுத்து, பதிவு பண்ணக் கற்றுக்கொடுத்து, ஞாயிறு தவறாமல் வந்து கேட்டுவிட்டுப் போகிறவர்.

"அங்கிள், எங்க கீறீங்க?"

"பள்ளிவாசல் வாசல்லதாம்மா. உள்ள தொழுவறாங்க. நான் செருப்புங்களப் பாத்துக்கினு நிக்கறேன்."

"மாடி கம்ப்யூட்டர்ல பாட்டு ஃபோல்டர அழிக்க முடியல அங்கிள். எங்கயோ தொறந்து கீதுன்னு சொல்லுது."



"அழிக்கறியா?"

"அம்மா சொன்னாங்க."

"எங்கிட்ட ஒரு காப்பி கூட இல்லியேம்மா." அவர் குரல் பிசிறியது. "கேட்டா, உனுக்கு இன்னாத்துக்கு, எங்கூட்டுக்கு வந்து கேளு, டீ குட்ச்ச மாதிரியும் ஆச்சும்பான் அந்தப் பாவி." மூக்கை உறிஞ்சினார். "செரி. அவங்க வூட்டுக்காரரு. அவங்க சொன்னா நாம இன்னா பேசறது."

"எதுல தொறந்து கீதுன்னே தெரியல அங்கிள்."

"கம்ப்யூட்டர்ல இருக்காது. வைஃபைல எதனா போன்ல ஓடிக்கினு இருக்கும். உங்கம்மா போன்ல நான்தான் செட்டப் பண்ணிக் குட்த்தேன், மாடில கீற பாட்ட கீழ இருந்தே கேக்கறதுக்கு. என் பொண்டாட்டி கேக்கணும் மச்சான்னு உங்கத்தா உசுர வாங்கிட்டான். அப்பால, எங்க, அவ ஒரு நாளு கூட தொறக்கலன்னு ஒரே பொலம்பல்."

போனில் திறந்திருப்பதைக் கம்ப்யூட்டரில் எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். "அங்க பேர் எதனா இருந்தா ரைட் கிளிக் பண்ணி மூடிடு. பட்டுனு கட்டாயிடும். அப்பால அழிச்சிக்கலாம். தொழுக முடிஞ்சிச்சும்மா, தூக்கறாங்க, வெக்கறேன்."

நவ்ரீன் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். வெள்ளைத் திரையில் ஒரே ஒரு வரி இருந்தது.

'ஜெரினா கூப்ட்டா'.

அவளுக்கு அது தெரியும். அந்தப் பாட்டில் அத்தா நன்றாகவே பாடிக்கொண்டு வருவார். கடைசிச் சரணத்தில், குரல் குழைந்து இறங்கும் இடத்தில், கீழேயிருந்து அம்மா கத்துவாள். "இன்னாங்க, சோறு ஆறிப் போவுது, எறங்கி வரீங்களா இல்லியா?" பாட்டு நின்றுவிடும். இசை மட்டும் ஆளில்லாமல் ஓடும். அத்தா சிரிப்பார். மைக்குக்குப் பக்கத்திலிருந்தே, "தோ வந்துட்டேன் ஜெரினா" என்பார். நாற்காலி நகரும். அவ்வளவுதான். அன்றைக்குச் சாப்பிட்டு முடிகிறவரை, நல்லா வந்த பாட்டக் கெடுத்துட்டியே என்று ஒரே வம்பு. ஆனால் அதை அவர் தூக்கிப் போடவில்லை, பெயர் வைத்துப் பத்திரப்படுத்தினார்.

"அடிப்பாவி அம்மா" என்றாள் நவ்ரீன். என்னை மேலே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, இதுதானா வேலை? ஏறியது முதலில் கோபம்தான். முகத்தைப் பார்த்துச் சத்தியம் வாங்கத் தெரிந்தது, காதைப் பொத்திக்கொள்ளத் தெரியவில்லையா?

பிறகுதான் அது உறைத்தது. வாட்ஸாப்பில் வந்த போட்டோவைத் திறக்கவே ஆள் தேடுகிறவள் அம்மா. அவள் அந்த ஆப்பைத் திறந்து, வைஃபைக்குள் போய், ஃபோல்டருக்குள் போய், இத்தனை ஃபைல்களில் இந்த ஒன்றைத் தேடி எடுத்திருக்கிறாள். புதுக்கைக்கு இது வராது. பழகின விரல் இது. எத்தனை மத்தியானம், எல்லோரும் வேலைக்குப் போன பிறகு, அடுப்படியில் உட்கார்ந்து பழகினாளோ. அவ ஒரு நாளு கூடத் தொறக்கல என்று புலம்பிக்கொண்டேதான் அந்த மனிதர் போய்ச் சேர்ந்தார். காலையிலிருந்து வராத அழுகை நவ்ரீனுக்கு இப்போது வந்தது. வாஷிங் மெஷின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, அத்தா, அவங்க கேட்டாங்க அத்தா, கேட்டுக்கினேதான் இருந்தாங்க என்று விசும்பினாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மவுஸைப் பிடித்தாள். ஒரு சொடுக்குப் போதும். கீழே அம்மாவின் காதில் பாட்டு அறுந்துவிடும். எந்த இடத்தில் அறும் என்று இங்கிருந்து தெரியாது. அம்மா கூப்பிட்டு, அத்தா பதில் சொல்வதற்கு முன்னால் அறுந்துவிட்டால்?

முடியட்டும் என்று கையை எடுத்துக்கொண்டாள். அவர் வந்துட்டேன் என்று சொல்லி முடிக்கட்டும். பிறகு அழித்துவிடலாம், சொன்ன சொல்லும் நிற்கும்.

கூரை அனலாய்க் காய்ந்தது. கன்டெய்னர் லாரிகள் மெயின் ரோட்டில் வரிசையாக நின்று உறுமின. நவ்ரீன் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மறைந்தது. திரை காலியானது.

அவள் ஃபோல்டரைத் தொட்டு, டிலீட்டில் விரலை வைத்தாள். வைத்த விரல் அழுந்தவில்லை. ஒரு மூச்சு விட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் அந்த வரி மறுபடி வந்து உட்கார்ந்திருந்தது. அதே பெயர். அவள் காத்திருந்தாள். போனது. வந்தது. இன்னொரு தடவை போனது, இன்னொரு தடவை வந்தது.

லியோனார்ட் அங்கிளின் அழைப்பு வந்தது.

"மண்ணு போட்டாச்சும்மா. நானும் மூணு கை போட்டேன். அது... போய்டுச்சா?"

"இல்ல அங்கிள்."

ஜீஷானுக்கு எழுந்து நிற்கவே தெம்பில்லை, பத்திரமாக் கூட்டியாறேன் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார்.

நவ்ரீன் படியிறங்கினாள். ஹாலில் ஓதி முடித்திருந்தார்கள். யாரோ பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ரூம் கதவைச் சத்தமில்லாமல் தள்ளினாள். அம்மா தரையில் பாய் போட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். வெள்ளைத் துப்பட்டா தலையோடு மூடியிருந்தது. அதன் ஓரத்திலிருந்து இயர்போன் ஒயர் ஒன்று வெளியே வந்து, தலைமாட்டில் கவிழ்த்து வைத்திருந்த போனில் முடிந்தது.

ஆள் வந்தது எப்படித் தெரிந்ததோ, அம்மா திரும்பாமலே கேட்டாள். காதில் மாட்டிக்கொண்டு பேசுகிறவர்களின் குரலில், தேவைக்கு மேல் சத்தமாகக் கேட்டாள்.

"முடிஞ்சிச்சாடி?"

"அழிய மாட்டுதும்மா" என்று நவ்ரீனும் சத்தமாகவே சொன்னாள். "எங்கயோ தொறந்து கீதாம்."

அம்மா துப்பட்டாவை இன்னும் இழுத்து மூடிக்கொண்டாள்.

"மண்ணு போட்டுட்டாங்களா?"

"போட்டுட்டாங்கம்மா."

அம்மாவின் தோள் ஒருமுறை ஏறி இறங்கியது.

"செரி" என்றாள். "நீ மேல போயி அழுத்திக்கினே இரு. அழியறப்போ அழியட்டும்."

நவ்ரீன் குனிந்து போனைத் திருப்பிப் பார்த்தாள். பேட்டரி சிவப்புக்கு வந்திருந்தது. பீரோ பக்கத்துப் பிளக்கில் சார்ஜரைச் செருகி ஒயரை இழுத்தாள். பாய் வரைக்கும் அது எட்டவில்லை. அம்மா முகத்தைத் திருப்பவில்லை, காதிலிருந்ததைக் கழற்றவும் இல்லை. பாயோடு சேர்த்து உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, பிளக் பக்கம் தள்ளிப் படுத்துக்கொண்டாள்.